கரும்புக் கொல்லையில் காட்டுப்பன்றி: கைக்கடங்கிய செலவில் ஒரு வேட்டை ரைபிள்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் நாற்பது ஆண்டுகள் கரும்பாலைப் பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்து வடகரையில் வசிக்கிறார்.)

கேள்வி: ஐயா, வணக்கம். உம்சிந்தோ பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருக்கிறது. ஓடைக்கரையை ஒட்டிய பாத்திகளைக் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாக மிதித்துச் சாய்த்துவிடுகின்றன. என் மாமனார் சென்ற ஆண்டு காலமானார். 7×57 என்ற அளவுத் தோட்டா போடும் அவருடைய மௌசர் ரைபிள் ஒரு துப்பாக்கிக் கடையின் பெட்டகத்தில் இருக்கிறது. அதற்குப் புதுக் குழல் போட்டு .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு மாற்றி, ஃபைபர் கட்டையும் (ரைபிளைத் தாங்கும் பிடிப்பாகம்) பெரிய ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தலாம் என்று நினைக்கிறேன். குளிர்காலத்தில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஒரு நண்பரின் பண்ணைக்கு ஃபேலோ மான் வேட்டைக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கையில் இருப்பது ஒரு பருவத்துக் கரும்புப் பணத்தின் மிச்சம்தான். எந்தப் பாகத்துக்குச் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: தம்பி, பணத்தை எண்ணுவதற்கு முன் அந்தக் கடைக்குப் போய், கடைக்காரரின் அனுமதியோடு, தோட்டா இல்லாத ரைபிளின் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும், கைப்பிடி வைத்த உருளை) ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். திறக்கும்போது கைக்கு ஸ்பிரிங்கின் கனம் தெரிகிறதா, மூடித் தள்ளும்போது தெரிகிறதா? திறக்கும்போது தெரிந்தால் அது பெரும்பாலும் 1898 மாதிரி. மூடும்போது தெரிந்தால் 1895, 1896 காலத்து மாதிரியாக இருக்க வாய்ப்பு அதிகம். டச்சு வம்சாவளி போயர்களின் குடியரசுகள் ஆங்கிலேயரோடு போரிடத் தருவித்த மௌசர்கள் அந்தப் பழைய வகைதான். அவற்றில் பல இன்றும் நம் மாகாணத்து வீடுகளில் இருக்கின்றன. பிற்காலத்தில் சிலர் ஸ்பிரிங் அமைப்பை மாற்றியிருப்பார்கள் என்பதால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்தாதீர்கள். போல்ட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் இரண்டு பூட்டுப் பற்கள் இருக்கும். 1898 மாதிரியில் பின்பக்கம், கைப்பிடிக்கு அருகே மூன்றாவது பல் ஒன்றும் இருக்கும். முன்பற்கள் உடைந்தாலும் போல்ட் முகத்தில் பாயாமல் தடுக்கும் காவல் அது.

பழைய மாதிரியாக இருந்தால் .308 யோசனையை இன்றே கைவிடுங்கள். ஐரோப்பிய அளவுகோலின்படி 7×57-இன் உச்ச அழுத்தம் 3,900 பார்; .308 வின்செஸ்டருக்கு 4,150 பார். எண்ணில் வித்தியாசம் சிறிது போலத் தெரியும். ஆனால் நூறு வருடத்துக்கு மேல் வேலை செய்த எஃகு, மூன்றாவது பல் இல்லாத போல்ட், வெடிவாயு பின்பக்கம் கசிந்தால் கண்ணைக் காக்கத் தடுப்பும் போதாது. நான் வாழ்நாள் முழுவதும் இரும்போடு பழகியவன். களைத்த இரும்பு வெளியே எந்த அடையாளமும் காட்டாது.

1898 மாதிரியாகவே இருந்தாலும், நான் உங்கள் இடத்தில் இருந்தால் குழலை மாற்ற மாட்டேன். 7×57 வேட்டைக்குக் குறைந்த தோட்டா அல்ல. 140 கிரெய்ன் எடையுள்ள ரவை (தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டு) ஃபேலோ மானுக்குப் போதும். 160 கிரெய்ன் அளவில் உறுதியான ரவை காட்டுப்பன்றிக்குப் போதும். பின்னுதையும் மென்மை, பயிற்சியில் தோள் கன்றிப்போகாது. .308-க்கு ஒரு நன்மை உண்டு என்பதை மறைக்கவில்லை: தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் மலிவு. ஆனால் புதுக் குழல், அதைப் பொருத்தும் கூலி, தோட்டா அறையின் அளவைக் கருவி வைத்துச் சரிபார்த்தல், தோட்டாப் பெட்டியைப் புதுத் தோட்டாவுக்கு இணங்கச் செய்தல் என்று கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு ஹோவா 1500 போன்ற தொழிற்சாலை ரைபிள் ஒன்று புதிதாகவோ, நல்ல நிலையில் பழையதாகவோ வந்துவிடும். .308 கட்டாயம் வேண்டுமென்றால் அதுவே நேர்வழி.

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கண்ணில் குழல் வெறும் உதிரிப்பாகம் அல்ல. குழல், ஆக்‌ஷன் உடல் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) ஒவ்வொன்றும் துப்பாக்கி என்றே கருதப்படும். அமெரிக்காவில் அப்படியில்லை, அங்கே ரிசீவர் எனப்படும் அந்தக் கூடு மட்டும்தான் சட்டப்படி துப்பாக்கி, குழலைத் தபாலில் வரவழைத்துக் கொள்ளலாம். அந்த நாட்டுக் காணொளியைப் பார்த்து இங்கே குழல் வாங்கக் கிளம்பாதீர்கள். பொருத்துவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்காரரின் வேலை. கடைசல் வேலை தெரிந்த எனக்கே வீட்டுப் பட்டறையில் அதைச் செய்ய உரிமை இல்லை, செய்ததும் இல்லை. மாமனாரின் ரைபிளும் உங்கள் பெயரில் தகுதிச் சான்றிதழும் உரிமமும் வரும்வரை அந்தப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். காவல் நிலையத்தில் துப்பாக்கிகளுக்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் விண்ணப்பத்தைக் கொடுங்கள். வீட்டில் தர முத்திரையுள்ள பெட்டகத்தைச் சுவரில் அறைந்து வையுங்கள். பட்ஜெட்டில் பலர் மறக்கும் செலவு இந்தப் பெட்டகம்தான்.

இனிச் செலவுக்கு வருகிறேன். குழலுக்கென்று ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதியைப் பழைய குழலைச் சோதிக்கக் கொடுங்கள். துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டு விட்டு எடுத்த பழைய ரைபிள்களில், ரவை வெளியேறும் விளிம்பு ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். ரவையைக் கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே கோணல் இருந்தால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை. பட்டறையில் அந்த விளிம்பைப் புதிதாகக் கடைந்து கொடுப்பார்கள், கூலி அதிகமில்லை. இனிக் குறி தப்பாமல் சுடாது என்று நினைத்த குழல்கள் பல இந்த ஒரு வேலையில் உயிர் பெற்றதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கட்டை. மாமனாரின் வால்நட் மரக் கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நம் கடற்கரை ஈரத்தில் மரம் ஊதும், வறண்ட ஃப்ரீ ஸ்டேட் குளிரில் சுருங்கும். அதனால் குறி நகரும் என்பது உண்மை. அதற்கு மருந்து ஃபைபர் கட்டை மட்டுமல்ல. ஆக்‌ஷன் உட்காரும் குழியில் எப்பாக்ஸி பூசி அசையாமல் படிய வைத்து, குழலைச் சுற்றி ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டு, உள்மரம் முழுவதும் நீர் புகாத பூச்சு அடித்தால் போதும். புதுக் கட்டையின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ராணுவ விசை இரண்டு கட்டமாக இழுபடும். அது குறையல்ல, பழகினால் நல்லது. மாற்றத்தான் வேண்டுமென்றால் 1898 மாதிரிக்கு டிம்னி போன்ற நிறுவனங்களின் விசை கிடைக்கிறது. கரும்புக்குள் நடந்து வேட்டையாடுபவர் அதன் இழுவையை ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே தளர்த்த வேண்டாம் என்பது என் கறாரான கருத்து.

ஸ்கோப்தான் நீங்கள் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம். ஆனால் பெரிய ஸ்கோப் வேண்டாம். கணக்கு எளிது. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40 மி.மீ. கண்ணாடியை 6 பெருக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய 6.7 மி.மீ.; 12 பெருக்கத்தில் 3.3 மி.மீ. மட்டுமே. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும். அந்தி வேளையில் ஓடைக்கரையில் கறுத்த உருவம் ஒன்று அசையும்போது, 12 பெருக்கம் உங்களுக்கு இருட்டைத்தான் பெரிதாக்கிக் காட்டும். 2-லிருந்து 7 வரையோ, 3-லிருந்து 9 வரையோ பெருக்கும் 40 மி.மீ. ஸ்கோப், நல்ல கண்ணாடியோடு வாங்குங்கள். நம் நாட்டு லிங்ஸ் ஸ்கோப்கள் பழைய நிலையில் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. ராணுவ மௌசரில் ஸ்கோப் ஏற்ற போல்ட் கைப்பிடியை வளைக்கவும் பாதுகாப்பு நெம்பை மாற்றவும் வேண்டியிருக்கலாம். மாமனார் அதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பெரிய செலவு மிச்சம்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் அடித்தகடு, வளையங்கள் பற்றி நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். 1998 ஜூலையில் எஷோவே அருகே ஒரு பண்ணையில் நான் சுட்ட பன்றி இன்றும் என் மனத்தில் இருக்கிறது. நல்ல ஸ்கோப் வாங்கிவிட்டு, வளையத்தில் சிக்கனம் பிடித்தேன். கடையில் இருந்ததிலேயே மலிவான அலுமினிய வளையம். வண்டியின் பின்தட்டில் இரண்டு மணி நேரக் குலுக்கலில் அடித்தகட்டின் திருகு இளகியிருந்தது; நான் பார்க்கவில்லை. அறுபது மீட்டரில் முன்னங்காலின் நேரே வைத்த குறி வயிற்றில் பட்டது. பன்றி கரும்புக்குள் போய்விட்டது. இருட்டில் அடிபட்ட பன்றியின் பின்னே கரும்புக்குள் நுழையக் கூடாது. அது திரும்பிப் பாயும். விடியும்வரை காத்திருந்து, என் மைத்துனரும் நானும் மூன்று மணி நேரம் தேடினோம். ஓடையில், நீரில் வாய் வைத்தபடி, அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் அந்த உயிர் பட்ட வேதனைக்கு என் சிக்கனம்தான் காரணம். எஃகு அடித்தகடு, எஃகு வளையம் வாங்குங்கள். திருகுகளில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, முறுக்கு அளக்கும் திருப்புளியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். வளையத்தின் மேல்மூடிக்கு அது பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், வேட்டைக்கு முன், ஒரு தோட்டாவையாவது அட்டையில் சுட்டுப் பாருங்கள்.

மிச்சப் பணம் அனைத்தும் தோட்டாவுக்கு. சாதாரண உரிமத்துக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை வைத்திருக்கலாம். அதில் பாதியையாவது பருவம் தொடங்குமுன் சுட்டுத் தீர்த்திருக்க வேண்டும். மேசையில் சாய்ந்து மட்டுமல்ல. நின்றும், முழங்காலிட்டும், குச்சிமேல் தாங்கியும். 100 மீட்டரில் 4 செ.மீ. மேலே படும்படி குறியை அமைத்தால், 140 கிரெய்ன் ரவையோடு ஏறக்குறைய 170 மீட்டர் வரை நேராகவே வைத்துச் சுடலாம். கரும்போரத்தில் உங்களுக்கு அதில் பாதி தூரமும் வராது.

பன்றிக்கு இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னேயும் கீழேயும் இருக்கின்றன. முன்னங்காலின் நேரே, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறி வையுங்கள். மான் பழக்கத்தில் தோளுக்குப் பின்னே வைத்தால் வயிற்றில் படும். இரவில் விளக்கொளியில் சுடுவதற்கு முன் எசெம்வெலோ வனவிலங்கு அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கரும்பு அறுப்பவர்கள் விடியுமுன்பே வயலுக்கு வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ரவை போய்ப் புதையும் மண் கண்ணுக்குத் தெரியாத திசையில் ஒருபோதும் சுடாதீர்கள்.

கேள்வி: சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பன்றிக் கூட்டத்தைச் சுட அமெரிக்கர்கள் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஏ.ஆர். வகை ரைபிளைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிறார்கள். இங்கே அப்படிச் செய்யலாமா, ஐயா?

பதில்: முடியாது. எப்போதாவது வேட்டையாடுபவருக்கான 15-ஆம் பிரிவு உரிமத்தில் தானியங்கி, அரைத்தானியங்கி ரைபிள் எதற்கும் இடமில்லை. நான் அதற்காக வருந்தவும் இல்லை. போல்ட் ரைபிளில் இரண்டாம் தோட்டாவை ஏற்ற ஒரு வினாடிக்குமேல் ஆகும். அந்த ஒரு வினாடியில்தான் முதல் குண்டு எங்கே பட்டது என்று கண் பார்க்கிறது.

கேள்வி: சைலன்சர் போட்டால் சட்டச் சிக்கல் வருமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: நம் நாட்டில் சைலன்சருக்குத் தனி உரிமம் கேட்பதில்லை. குழல் வாயில் திருகுவரி வெட்டுவது மட்டும் பட்டறைக்காரரின் வேலை. என் இடது காது உயர்ந்த ஒலிகளைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இந்தப் பத்தியில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் காதுக் காப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவின் ஜாவா மானுக்கு உங்கள் யோசனைகள் பொருந்துமா?

பதில்: பொருந்தும். டச்சுக்காரர்கள் 1639-இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த ரூசா மான் இனம் அது. நன்கு வளர்ந்த ஆண் மான் எங்கள் ஃபேலோவைவிடக் கனம் கூடியது. உறுதியான ரவையை எடுங்கள். உரிமம் உங்கள் தீவின் சட்டப்படிதான். அங்கே காவல்துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: காட்டுப்பன்றிக் கறியை வீட்டில் சமைக்கலாமா, அண்ணா? (டொங்காட் வாசகி)

பதில்: சமைக்கலாம், அம்மா. உள்ளே சிவப்பு சிறிதும் தெரியாதபடி நன்றாக வேக வையுங்கள். உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பன்றி வளர்த்தால், காட்டுப்பன்றியின் கழிவையோ குடலையோ அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை நம் நாட்டுக் காட்டுப்பன்றி நோயின்றிச் சுமக்கும். வீட்டுப் பன்றி தாங்காது. எங்கள் வீட்டில் மஞ்சள், உப்பு தடவி ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்த பிறகுதான் மசாலா சேர்ப்போம். புரட்டாசி பிறப்பதற்குள் சமைத்து முடித்துவிடுங்கள்.