வளவுக்குள் பார் போடப் போகிறீர்களா? முதலில் 1811க்கு ஒருமுறை போய்வாருங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினொரு வயது. பாரிஸ் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பாரில், அதாவது உயரத்தில் படுக்கையாகப் பூட்டிய உருக்குத் தண்டில் சுழன்று, கையை விட்டு, ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடித்து, திரும்பவும் பிடிக்கிற ஆண்களைப் போனில் பார்த்த நாளில் இருந்து பெடியன் மாமரக் கிளையை விட்டு இறங்குகிறான் இல்லையாம். வளவுக்குள் இரண்டு தூண் நட்டு ஒரு ஜீஐ குழாயைப் போட்டுக் கொடுக்கலாமா, என்ன உயரம், சுவிஸில் இருக்கிற மாமா அனுப்பிய கைப்பட்டையை (பாரைப் பிடிக்க உள்ளங்கையில் கட்டுகிற பட்டை) போட விடலாமா என்று கேட்கிறார். கூடவே வீட்டில் ஒரு வழக்கும் நடக்கிறதாம். இந்த விளையாட்டுக்குப் பத்துக்குத்தான் புள்ளி என்கிறார் அப்பப்பா. 14.533 எடுத்தவனுக்குத்தான் தங்கம் என்கிறான் பேரன். யார் சொல்வது சரி?

வழக்கை முதலில் தீர்த்துவிடுவோம், இல்லாவிட்டால் வீட்டில் சாப்பாடு இறங்காது. இரண்டு பேர் சொல்வதும் சரி. அப்பப்பாவின் கணக்கு 2005 வரைக்கும் செல்லும். 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஷின்ஜி மொரிசுயே இதே பாரில் பத்துக்குப் பத்து எடுத்துத்தான் தங்கம் வாங்கினார். கணக்கு மாறியதற்குப் பின்னால் ஒரு கூத்தே நடந்தது. 2004, ஏதென்ஸ், பார் இறுதிப் போட்டி. ரஷ்யாவின் அலெக்ஸி நெமோவ் ஒரே ஆட்டத்தில் ஆறு தடவை கையை விட்டுப் பறந்து பிடித்தார், இறங்கும்போது மட்டும் கால் ஓர் அடி நகர்ந்தது, நடுவர்கள் போட்டது 9.725. சனம் கூச்சல் போடத் தொடங்கியது, பத்து நிமிடமாகியும் அடங்கவில்லை, அடுத்து ஏற வேண்டிய அமெரிக்காவின் போல் ஹாம் பாவம், கையில் தூளைப் பூசிக்கொண்டு அப்படியே நிற்கிறார். புள்ளியை 9.762 ஆக உயர்த்திப் பார்த்தார்கள், அதற்கும் சத்தம் குறையவில்லை. கடைசியில் நெமோவே மேடையில் ஏறிக் கையைக் காட்டிச் சனத்தை அமர்த்தினார். அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை, தங்கம் இத்தாலியின் இகோர் கஸ்ஸினாவுக்குப் போனது. அதே ஒலிம்பிக்கில் தென்கொரிய வீரர் ஒருவருக்கு, ஆட்டத்தின் கடினத்தைப் பார்த்துத் தருகிற தொடக்கப் புள்ளியைப் பிழையாகப் போட்ட தகராறும் சேர்ந்துகொள்ள, 2006இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் அந்தப் பழைய பத்தைக் கைவிட்டது.

இப்போது இரண்டு கணக்கு. எவ்வளவு கடினமான வித்தைகளைச் செய்தாய் என்பதற்கு ஒன்று, அதற்கு மேல்வரம்பு கிடையாது, கூட்டிக்கொண்டே போகலாம். எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதற்கு இன்னொன்று, அது பத்தில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும், விழுந்தால் முழுதாக ஒரு புள்ளி போய்விடும். ஆகவே அப்பப்பாவின் பத்து செத்துப்போகவில்லை, பேரனின் 14.533க்கு உள்ளே பாதியாக உட்கார்ந்திருக்கிறது. பாரிஸில் ஜப்பானின் ஷின்னொசுகே ஒகாவும் கொலம்பியாவின் ஏஞ்சல் பராஹாஸும் சரியாக அதே 14.533 தான் எடுத்தார்கள். பராஹாஸ் செய்தது கூடக் கடினம், ஒகா செய்தது கூடச் சுத்தம், சமனாக வந்தால் சுத்தத்துக்கே முதலிடம் என்பது விதி. பதினேழு வயதுப் பராஹாஸுக்கு வெள்ளி. இதை மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் நான் இனிச் சொல்லப்போவதும் அதைத்தான் சுற்றி வரும்.

சரி, குழாய். தம்பி, உங்கள் மகன் போனில் பார்த்ததும் நீங்கள் போடப்போவதும் பெயரில் மட்டும்தான் ஒன்று. போட்டிப் பார் 28 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தண்டு, 2.4 மீற்றர் நீளம், தரையில் இருந்து 2.8 மீற்றர் உயரம், நான்கு பக்கமும் கம்பிவடம் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆள் கீழே வரும்போது அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வில் மாதிரி வளைந்து, மேலே போகும்போது அந்த விசையைத் திருப்பிக் கொடுக்கும். கைநிலையில் (பாருக்கு மேலே கையில் தலைகீழாக நிற்கும் நிலை) இருந்து முழுச்சுற்றுச் சுற்றும் ஒருவர் அடியைக் கடக்கிற நொடியில் கையிலும் பாரிலும் அவருடைய எடையின் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். உங்கள் மகன் முப்பத்தைந்து கிலோ என்று வைத்தால் நூறு கிலோவுக்கு மேல். அந்த இழுவையில் ஜீஐ குழாய் வளையலாம், ஆனால் வளைந்தது நிமிராது. ஒருநாள் வளைந்த இடத்தில் இன்னொரு நாள் முறியும். நான் பெடியனாக இருந்த காலத்தில் ஒரு மைதானத்தில் இருந்த பாரின் ஒட்டு, நான் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் கழன்றது. உப்புக்காற்றில் உள்ளுக்குள்ளே கறள் பிடித்திருந்தது, வெளியில் பச்சைப் பெயின்ற் பளபளவென்று இருந்தது. இடது மணிக்கட்டு மழைக்காலத்தில் இன்றைக்கும் ஞாபகப்படுத்தும்.

அதற்காகப் பாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த விளையாட்டைத் தொடங்கியவர்களிடமும் வில் மாதிரி வளைகிற பார் இருக்கவில்லையே! 1811இல் பெர்லினில் ஹாசன்ஹைடே என்ற திறந்த வெளியில் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் இளைஞர்களைக் கூட்டிப் பயிற்சித் திடல் அமைத்தபோது அங்கே இருந்தது மரக்கட்டைப் பார். தொங்குவது, இழுத்து ஏறுவது, காலை மடித்துச் சுற்றி மேலே வருவது, மெதுவாக இறங்குவது, இவ்வளவும் அதில் செய்யலாம். (யான் என்ற அந்த ஆசிரியரை 1819இல் பிடித்து உள்ளே போட்டார்கள். இளைஞர்களை ஒன்றுசேர்த்து அரசியல் ஊட்டுகிறார் என்று பிரஷ்ய அரசுக்குப் பயம், 1842 வரைக்கும் இந்தத் திடல்களுக்கே தடை. பாரில் தொங்குவதற்கும் தடைபோட்ட ஒரு அரசு இருந்தது என்பதை நம்மூரில் சொன்னால் ஒருவரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.) பிறகு மரம் போய் இரும்பு வந்தது, இரும்புக்குப் பிறகு நல்ல உருக்கு. பொருள் மாற மாறத்தான் வித்தையும் மாறியது.

1896இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக், பாரில் முதல் தங்கம் ஜேர்மனியின் ஹேர்மன் வைன்கார்ட்னருக்கு, இரண்டாவது அதே நாட்டு அல்பிரட் ஃபிளாட்டோ. பாரின் அணிப் போட்டியில் ஜேர்மனியைத் தவிர வேறு அணியே இல்லை, வந்தார்கள், செய்தார்கள், வென்றார்கள். அந்த ஃபிளாட்டோ யூதர், 1942இல் நாசி முகாமில் இறந்தார், நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்ததெல்லாம் கணக்கில் வரவில்லை. 1904 செயின்ற் லூயிஸில் ஜோர்ஜ் அய்சர் என்ற அமெரிக்கர் பாரில் வெண்கலம் எடுத்தார், அவருக்கு ஒரு கால் மரக்கால். இன்றைய ஆட்டத்தில் இறங்குகிற வேகத்துக்கு மரக்கால் தாங்குமா என்று யோசித்துப் பாருங்கள், அன்றைய ஆட்டம் எந்த மாதிரி இருந்திருக்கும் என்று ஓரளவு புரியும். தோளும் கையும் வயிறும் பேசிய காலம் அது. 1924இல் பாரிஸில் தங்கம் எடுத்த யூகோஸ்லாவியாவின் லியோன் ஷ்டுகெல் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

மாமா சுவிஸில் என்றீர்கள். அவரிடம் சொல்லுங்கள், ஒரு காலத்தில் பார் என்றாலே சுவிஸ்காரர்தான்: 1928இல் ஜோர்ஜ் மியேஸ், 1948இல் யோசெஃப் ஷ்டால்டர், 1952இல் ஜாக் குந்தார்ட். காலை அகட்டி உடலோடு மடித்து, பாரை ஒட்டிச் சுற்றிக் கைநிலைக்கு வருகிற வித்தைக்கு இன்றைக்கும் ஷ்டால்டர் என்றுதான் பெயர். அப்புறம் ஜப்பான் வந்தது. 1956, 1960 இரண்டிலும் தகாஷி ஓனோ, 1972, 1976 இரண்டிலும் மிட்சுவோ சுகஹாரா. சுகஹாரா பாரில் இருந்து இறங்கும்போது இரட்டைக் குட்டிக்கரணத்தோடு ஒரு திருகலையும் சேர்த்தார், அதுவரைக்கும் இறங்குவது ஆட்டத்தின் முடிவாக மட்டும் இருந்தது, அவருக்குப் பிறகு சனம் காத்திருந்து பார்க்கிற இடமாகிவிட்டது.

கையை விட்டுப் பறக்கிற பைத்தியம் பெரிதாகப் பிடித்தது 70களில். ஜேர்மனியின் கீங்கர், சோவியத்தின் தகச்சோவ், பல்கேரியாவின் டெல்ச்சேவ், ஹங்கேரியின் கோவாச் என்று வித்தைக்கு வித்தை அதைச் செய்தவர் பெயர். விசை தருகிற பார், தடித்த மெத்தை, விரலடியில் சின்ன உருளை வைத்த கைப்பட்டை மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறந்துவிட்டன என்பது என் எண்ணம். அதன் உச்சம் 2012 லண்டன். நெதர்லாந்தின் எப்கே சொண்டர்லான்ட் மூன்று பறப்புகளை நடுவில் ஒரு சுற்றுக்கூட இல்லாமல் அடுத்தடுத்துச் செய்து 16.533 எடுத்தார். நம்முடைய கோட்டையை இடித்துக் கட்டிய ஒல்லாந்தரின் வழியில் வந்தவர், ஆனால் இவர் மருத்துவம் படித்தவர். அதே மனிதர் 2016இல் ரியோவில் பிடியைத் தவறவிட்டு முகம் குப்புற விழுந்தார், எழுந்து ஆட்டத்தை முடித்தார். மெத்தை இருந்தது, அதனால் எழுந்தார்.

ஆகவே என் பதில்: 1811இன் பாரைப் போடுங்கள், 1811இன் வேலையைச் செய்ய விடுங்கள்.

உயரம், மகன் நிற்கும்போது அவன் நெஞ்சுக்கும் நாடிக்கும் நடுவில். 2.8 மீற்றர் எல்லாம் கதை. நீளம் ஐந்து அடி போதும், நீளம் கூடினால் வளைவும் கூடும். கடையில் முக்கால் இஞ்ச் குழாய் என்பது வெளியே அளந்தால் ஏறக்குறைய 27 மில்லிமீற்றர், ஒரு இஞ்ச் குழாய் 33ஐத் தாண்டும், சின்னக் கைக்கு அது மொத்தம், பிடி இறுகாது. ஆனால் முக்கால் இஞ்ச் குழாய் தாங்காது. அதனால் குழாயை மறந்துவிட்டு அதே தடிப்பில் உள்ளே வெற்றிடம் இல்லாத முழு உருக்குத் தண்டு கேளுங்கள், காசு கொஞ்சம் கூடத்தான். தண்டு சுழலக் கூடாது, இரண்டு முனையும் தூணை ஊடுருவிப் போய் வெளியே பூட்ட வேண்டும், ஒட்டை மட்டும் நம்ப வேண்டாம். பெயின்ற் அடிக்காதீர்கள், கறள் வந்தால் மண்கடதாசி போட்டுத் தேயுங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண் மாரியில் இளகும், தூணுக்கு இரண்டரை அடி தோண்டிக் கொங்கிறீற் போட்டு இறுக்குங்கள். கிணற்றுக் கட்டில் இருந்தும் மதிலில் இருந்தும் தள்ளி, தென்னைக்குக் கீழே இல்லாமல் இடம் பாருங்கள். கீழே அரித்த மணல் ஒரு அடி ஆழத்துக்கு, முன்னும் பின்னும் ஆறடிக்குப் பரப்பி, கிழமைக்கு ஒருதடவை கிளறிவிடுங்கள், இறுகிய மணலும் சீமெந்துத் தரையும் ஒன்றுதான். எல்லாம் முடிந்த பிறகு முதலில் தொங்க வேண்டியது நீங்களும் உங்கள் மச்சானும், இரண்டு பேரும் சேர்ந்து, நன்றாகக் குலுக்கிப் பாருங்கள்.

பழகுகிற வரிசை சொல்கிறேன். பார் தாழ்வு என்பதால் காலை மடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் தொங்கட்டும். பிறகு முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கட்டும், பிறகு நாடி பாருக்கு மேலே வரும்வரை தூக்கட்டும். அது ஐந்து தடவை வந்தபின் காலை மேலே வீசி வயிற்றைப் பாரில் போட்டு ஏறுவது, அப்புறம் வயிறு பாரை விட்டுப் பிரியாமல் பின்பக்கமாக ஒரு சுற்று. பெருவிரல் எப்போதும் பாரைச் சுற்றியிருக்க வேண்டும், சுற்றும் திசையில் பெருவிரல் முன்னே போக வேண்டும், மாறிப்போனால் விரல்கள் தானாகவே அவிழும். கால் பாரைத் தொட்டு விரிகிற விசையில் மேலே வருகிற கிப் என்ற வித்தைக்கு ஒரு வருடம்கூட எடுக்கலாம், அவசரப்படுத்தாதீர்கள். முழுச்சுற்றும் பறப்பும் இந்தப் பாரில் ஒருநாளும் இல்லை. அதற்கு மெத்தையும் பயிற்றுநரும் உள்ள இடம் வேண்டும்.

கைப்பட்டையை இப்போதைக்கு அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். உருளை வைத்த பட்டை பெரிய சுழற்சிக்கானது, அளவு பெரிதாக இருந்தால் பட்டை பாரில் மடிந்து பூட்டிக்கொள்ளும், கை நிற்கும், உடல் சுழலும், முன்கை எலும்பு முறியும். பெரியவர்களுக்கே நடந்திருக்கிறது. கை வியர்த்தால் மக்னீசியம் காபனேற்றுத் தூள் போதும். வகுப்பறைச் சோக்கை அரைத்துப் பூச வேண்டாம், அது வேறு பொருள், வியர்வையோடு சேர்ந்து வழுக்கும். மாமா அடுத்த முறை என்ன வேண்டும் என்று கேட்டால் அந்தத் தூளில் இரண்டு கட்டியும், மடித்து அனுப்பக்கூடிய ஒரு மெத்தையும் கேளுங்கள்.