பயாலஜி குரூப் மகளுக்கு பெர்ஃப்யூஷன் படிப்பு சரிவருமா?

அம்மா, எம்.பி.பி.எஸ். எட்டாததால் மகளை பெர்ஃப்யூஷன் டெக்னாலஜியில் சேர்க்கலாமா, அது வெறும் மெஷின் ஓட்டும் வேலைதானா என்று கேட்கிறீர்கள். சேர்க்கலாம். இதய ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் படிப்பு இது. ஆனால் அந்த மெஷின் பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

இதய ஆபரேஷன் நல்லபடி முடிந்தும் சிலருக்கு இதயம் சரியாக ரத்தத்தைத் தள்ளாது. மருந்தைக் கூட்டியும் பிரஷர் நிற்காது. அப்போது பலூன் பம்ப் வைப்பார்கள். தொடைத் தமனி வழியாக மகாதமனிக்குள் போகும் இந்த பலூன் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 மி.லி. இதயம் தளரும்போது ஹீலியம் நிரம்பி விரியும். இதயம் சுருங்குவதற்குச் சற்று முன் அடங்கிவிட வேண்டும். தாமதித்தால் மூடிய கதவைத் தள்ளுவதுபோல இதயம் திணறும். ஹீலியம் குழாயில் ரத்தம் தெரிந்தால் பலூன் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். பம்பை உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

அதுவும் போதாவிட்டால் எக்மோ. சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை தமனிக்குள் திருப்பி அனுப்பும். குழாய்கள் உதறினால் பெரும்பாலும் உடம்பில் ரத்தம் போதவில்லை. பம்ப் வேகத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும், புதிதாக வருபவர்களின் கை முதலில் அங்கேதான் போகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து குறைந்தால், ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரில் ரத்தம் கட்டும், அதை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஹெப்பாரின் கூடினால் புதுத் தையலில் கசியும். குழாய் போட்ட கால் குளிர்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். பம்ப் மோட்டார் நின்றுவிட்டால் கையால் சுற்ற வேண்டியதுதான்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது பி.எஸ்சி. படிப்பு, இன்டர்ன்ஷிப் சேர்த்து 4 ஆண்டு. சேர்க்கை விதிகளை இந்த ஆண்டு கையேட்டிலேயே பாருங்கள்.

கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "மாதத்துக்கு எத்தனை பைபாஸ்?" என்று கேட்டாலும் போதாது, ஏனென்றால் நம் ஊரில் பல பைபாஸ்கள் இதயம் துடிக்கும்போதே, பம்ப் (ஹார்ட்-லங் மெஷின்) இல்லாமல் நடக்கின்றன. "பம்பில் எத்தனை கேஸ், எக்மோ உண்டா, மாணவர் பம்ப் முன் உட்காருவாரா, பின்னால் நின்று பார்ப்பாரா?" என்று கேளுங்கள். பதிலைக் கல்லூரி அலுவலகத்தில் அல்ல, இறுதியாண்டு மாணவர்களிடம் வாங்குங்கள்.

இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஊரில்தான் வேலை. நடுராத்திரியிலும் போன் வரும். சொந்த ஊரை விட்டு நகர மாட்டேன் என்று மகள் சொன்னால் லேப் டெக்னாலஜியை விருப்பப் பட்டியலில் மேலே வையுங்கள்.