டக்டுக்குள் ரப்பர் ஒட்டினால் ஏ.சி. சத்தம் குறையுமா?

கேள்வி: வீட்டு மாடி அறையில் பாட்டுப் பதிவு செய்கிறேன். டக்ட் (குளிர்காற்றைக் கொண்டுவரும் தகட்டுக் குழாய்) ஏ.சி.யின் சத்தம் மைக்கில் விழுகிறது. டக்டின் உள்பக்கம் ஒரு அங்குல நைட்ரைல் ரப்பர் ஒட்டித் தருவதாகக் காண்ட்ராக்டர் சொல்கிறார். செலவு செய்யலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த ரப்பர் எந்த வகை என்று கேளுங்கள். டக்ட் வியர்க்காமல் இருக்க வெளியே சுற்றும் கறுப்பு நைட்ரைல் 'குளோஸ்டு செல்' வகை. அதற்குள் காற்று புகாது, அதனால் அது ஒலியை உறிஞ்சுவதும் மிகக் குறைவு. அதிரும் காற்று நுண்துளைகளுக்குள் போய்வந்து உரசும்போதுதான் ஒலி வெப்பமாக மாறிக் கரைகிறது. அதற்குக் கண்ணாடி இழைப் பஞ்சு, ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) அல்லது துளைகள் திறந்திருக்கும் 'ஓப்பன் செல்' நைட்ரைல் வேண்டும். ரப்பர் என்றால் கொட்டேஷனில் 'ஓப்பன் செல்' என்ற வார்த்தையையே எழுதி வாங்குங்கள். தீப்பிடிக்காத தரம் என்பதும் அதில் இருக்கட்டும். பஞ்சு என்றால் இழை பறக்காதபடி மேலே கண்ணாடித் துணியோ துளையிட்ட தகடோ போட வேண்டும். அலுமினியம் ஃபாயில் ஒட்டினால் துளைகள் அடைபட்டுப் போகும்.

அடுத்து, டக்டின் அளவு. பலருடைய காசு வீணாவது இங்கேதான். 12-க்கு 12 அங்குல டக்டில் நாலு பக்கமும் ஒரு அங்குலம் ஒட்டினால் உள்ளே மிஞ்சுவது 10-க்கு 10. அதாவது 144 சதுர அங்குலம் 100 ஆகிவிடும். அதே அளவு காற்று போக வேண்டுமானால் வேகம் 1.44 மடங்காக வேண்டும். காற்றோட்டம் தானாக எழுப்பும் இரைச்சல், வேகத்தின் ஐந்தாம் ஆறாம் அடுக்கில் ஏறக்கூடியது. வளைவுகளிலும் டேம்பரிலும் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு) 8, 9 டெசிபல் கூடிவிடலாம். ஆகவே ஒட்டப்போகும் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு 14-க்கு 14 தகட்டில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். அந்தப் பகுதி டேம்பரைத் தாண்டி, அறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு வளைவு கிடைத்தால் அதற்கும் ஒட்டுங்கள், நல்ல பலன் தரும்.

அறைக் காற்றை ஏ.சி.க்குத் திருப்பி எடுத்துப்போகும் ரிட்டர்ன் டக்டை மறந்துவிடாதீர்கள். அங்கே காற்று அறையிலிருந்து வெளியே போகிறதே, சத்தம் எப்படி உள்ளே வரும் என்று தோன்றும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், டக்டில் காற்று ஐந்தாறு மீட்டர்தான். எதிர்க்காற்று அதைத் தடுக்காது.

சரி, உங்கள் தொந்தரவு 'உஸ்' சத்தமா, 'உம்' சத்தமா? டக்டின் வாயில் இருக்கும் கிரில்லைக் கழற்றியதும் 'உஸ்' குறைந்தால் குற்றம் கிரில்லில்தான், பெரிய கிரில்லாக மாற்றினால் போதும். 'உம்' என்றால் ஒரு அங்குலம் ஒன்றும் செய்யாது. 125 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 2.7 மீட்டர். இரண்டு அங்குலம் கேளுங்கள் (அப்போது தகடு 16-க்கு 16 ஆக வேண்டும்), கூடவே ஃபேனுக்கும் டக்டுக்கும் நடுவே அதிர்வைத் தடுக்கும் கேன்வாஸ் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒலியை உறிஞ்சும் திறனைச் சொல்லும் எண்ணாக 'என்.ஆர்.சி. 0.9' என்று காட்டினால் மயங்க வேண்டாம். அது 250 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான சராசரி, 'உம்' அதில் சேராது. 125 ஹெர்ட்ஸில் எத்தனை டெசிபல் குறையும் என்று கேட்டு, அந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.