குளத்தங்கரையில் நாட்டு மாடு விடலாமா?

கேள்வி: வெளிநாட்டில் நாட்டு இன மாடு, குதிரைகளை மேயவிட்டே சதுப்பு நிலங்களை மீட்கிறார்களாமே? எங்கள் குளத்தங்கரையில் புல்லும் சம்பும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மாடு விட்டால் பறவைகள் வருமா, இல்லை மேய்ச்சலே கெடுதலா?
- வாசகர், தேரூர்

பதில்: வெளிநாடு வரைக்கும் போவானேன், ராஜஸ்தானில் பரத்பூர் இருக்கிறதே! அங்கே நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் எருமை மேயக்கூடாது என்று 1982-ல் தடை போட்டார்கள், எதிர்த்த ஊர்க்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிரும் போனது. கடைசியில் என்ன ஆச்சு? எருமைகள் தின்று அடக்கி வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல் தண்ணீரையே மூடிவிட்டது, நீர்ப்பறவைகளுக்குத் திறந்த தண்ணீர் குறைந்துபோனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருடம் ஆராய்ந்து, எருமை மேய்ச்சல் அங்கே தேவைதான் என்றது.

அதற்காகக் கணக்கில்லாமல் விட்டுவிடவும் கூடாது. நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்ற சதுப்பு நிலக் காப்பகத்தில் மாடு, குதிரை, மான்களை வேலிக்குள் பெருகவிட்டார்கள். 2017-18 குளிர்காலத்தில் தீனி இல்லாமல் மெலிந்த ஆயிரக்கணக்கானவற்றைச் சுட வேண்டி வந்தது.

நாட்டு மாட்டைச் சொல்வதற்குக் காரணம், முரட்டுப் புல்லைத் தின்றே அது தாங்கும், வெயிலும் உண்ணியும் அவ்வளவாகப் படுத்தாது. கலப்பினக் கறவையை விட்டால் பால்தான் குறையும், மாட்டுக்காரர் உங்களைத்தான் ஏசுவார்! கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, கோடை தொடங்கி தண்ணீர் இறங்கும்போது, கொஞ்ச மாட்டோடு, ஒரு ஓரத்தில் மட்டும் தொடங்கலாம். ஆனால் ஆட்காட்டிக் குருவி தரையில் முட்டையிடுவதும் அந்தக் கோடையில்தான், எனவே அது கத்திக்கொண்டு சுற்றும் இடத்தில் மாடு மிதிக்கக்கூடாது. அப்புறம், ஐவர்மெக்டின் என்ற புழு, உண்ணி மருந்து போட்ட மாட்டை உடனே விடாதீர்கள். மருந்து சாணத்தில் இறங்கிச் சாணிவண்டின் புழுக்களைக் கொல்லும், பூச்சி குறைந்தால் பறவைக்கு என்ன கிடைக்கும்? ஆகாயத்தாமரை இருந்தால் அதை ஆள் வைத்து வாரத்தான் வேண்டும், மாட்டை நம்பிப் பயனில்லை.

சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதனால் நீங்களாக மாட்டை அவிழ்த்துவிடாமல், வனத்துறையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: மலையடிவாரத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் அடைத்துவிட்டது. ஆடு விட்டால் ஒழியுமா?
- வாசகி, பூதப்பாண்டி

பதில்: ஒழியாதும்மா. உண்ணிச்செடி இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் விஷம், ஈரல் கெட்டு, வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். சீமைக்கருவேலம் இன்னும் மோசம்: நெற்றை ஆசையாகத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையிலும் சாணத்திலும் வெளியே வந்து, போன இடமெல்லாம் முளைக்கும். முதலில் வேரோடு பிடுங்குங்கள், நம்மூர்ப் புல் பிடிக்கட்டும், ஆடெல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவும் மலையில் இருக்கும் வனவிலங்குச் சரணாலய எல்லைக்கு வெளியே மட்டும், ஏனென்றால் உள்ளே கால்நடை மேயக்கூடாது என்று 2022-லேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது.