வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்குத் தினமும் ஓட, வயசுபோன டீசல் ஜீப் வாங்கலாமோ?

கேள்வி கேட்டவர் எழுதினது இதுதான்: வீடு கொழும்பு வெள்ளவத்தை, வேலை கோட்டையில, மனுசியும் பள்ளிக்கூடம் போற ரெண்டு பிள்ளையளும். 1997 ஆம் ஆண்டு 2.8 டீசல் ஓட்டோ கியர் ஜீப் ஒண்டு விலைக்கு வந்திருக்கு, சின்னக் கார் வாங்கிற காசுக்கே குடுக்கினம், தினமும் ஓடலாமோ எண்டு கேட்டிருக்கிறார்.

உங்கட அந்த 8 கிலோமீற்றருக்கு வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். இதே மாதிரி ஒரு ஜப்பான் டீசல் ஜீப்பை நானும் 2017ல வாங்கி ஆறு வருசம் வெள்ளவத்தையிலயே வைச்சு ஓடினனான், இப்பவும் ரோட்டில அந்த மாதிரி ஒண்டு போனா திரும்பிப் பாப்பன், அதால வெறுப்பில சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ.

எல்லாரும் முதல் கேக்கிறது எண்ணெய்ச் செலவு. உண்மையில உங்கட தூரத்துக்கு அது பெரிய விசயமே இல்லை. போக வர 16 கிலோமீற்றர், மாசம் 25 நாள், 400 கிலோமீற்றர். காலி வீதி நெரிசலில லீற்றருக்கு 6 கிலோமீற்றர் குடுத்தாலும் 67 லீற்றர் மட்டில, லீற்றர் 300 ரூபா எண்டு வைச்சா மாசம் 20,000. சின்னக் கார் 12 ஓடினா 10,000. வித்தியாசம் 10,000 ரூபாதான். நீர்கொழும்பில இருந்து வாறவர் எண்டா கதை வேற, அவருக்கு எண்ணெய்க்கே இதைவிடப் பல மடங்கு போகும். 2022ல எண்ணெய்த் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டுக்கு கிழமைக்கு 20 லீற்றர் அளந்து தந்த நேரம்கூட என்ர ஜீப் அந்த 20க்குள்ள வேலைக்குப் போய் வந்தது, வேற எங்கயும் போகேலாது, அவ்வளவுதான்.

பிரச்சினை இருக்கிறது ஊர்ந்து போற அந்த ஓட்டத்தில. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது. வாகனம் 80ல ஓடேக்க காத்து தானா வந்து ரேடியேட்டரைக் குளிராக்கும். வெள்ளவத்தைச் சந்தையில இருந்து பம்பலப்பிட்டிக்கு முக்கால் மணித்தியாலம் ஊரேக்க காத்து இல்லை, ஃபேன் மட்டும்தான். இந்தப் பழைய டீசல் ஜீப்புகளில ஃபேனை எஞ்சின்தான் சுத்தும், நடுவில ஒரு விஸ்கஸ் கிளச் இருக்கு, அதுக்குள்ள சிலிகோன் ஒயில், சூடு ஏறினா உள்ள ஒரு வால்வு திறந்து அந்த ஒயில் நிறைஞ்சு, கிளச் பிடிச்சு ஃபேனை வேகமாச் சுத்த வைக்கிறது. இருபது, இருபத்தஞ்சு வருசத்தில அந்த ஒயில் கசிஞ்சோ பழசாகியோ போயிடும், ஃபேன் சுத்திறது கண்ணுக்குத் தெரியும் ஆனா காத்து இழுக்காது. ரேடியேட்டருக்கு முன்னால ஏசி கன்டென்சர் வேற சூட்டைத் தள்ளிக்கொண்டு நிக்கும். கொழும்பு வெக்கைக்கு ஏசி இல்லாமப் பிள்ளையளை ஏத்தவும் ஏலாது.

எனக்கு நடந்தது 2019ல, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட. மழை, கண்ணாடி எல்லாம் பூட்டு, பிள்ளையள் பின்னால. எஞ்சின் சூடு காட்டுற ஊசி நடுவில நிண்டது, லைட் மாறி பத்தடி போய்ப் பாத்தா மேல ஏறியிட்டுது. ஏசியை நிப்பாட்டி ஹீட்டரைப் போட்டு ஓரங்கட்டினன், ஆனா பிந்தியிட்டுது. ஹோஸ் ஒண்டு வெடிச்சுத் தண்ணி முழுக்கப் போயிருக்கு, தண்ணி இல்லாட்டி அந்த ஊசிக்குச் சரியான சூடு தெரியாது எண்டு பிறகுதான் மெக்கானிக் பாஸ் சொன்னார். எஞ்சின் ஹெட் கழட்டி, மெஷினுக்குக் குடுத்துச் சீவி, கேஸ்கெட், ரேடியேட்டர், ஃபேன் கிளச், ஹோஸ் முழுக்க மாத்தி ஒண்டரை லட்சம் தாண்டிச்சு. காசு ஒரு பக்கம். மூண்டு கிழமை வாகனம் கராஜில. வாகனச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில ஒரு சாமான் இருக்கு எண்டுவினம், போனா அது வேற மொடலுக்கு, பிறகு தெல்கந்தைக்கு ஓடவேணும். அந்த மூண்டு கிழமையும் மனுசி மழையில ரெண்டு பிள்ளையளோட த்ரீவீலுக்கு நிண்டதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. தினமும் ஓடுற வாகனத்திட்ட நாங்கள் கேக்கிறது திங்கக்கிழமை காலம அது வாசல்ல நிக்கவேணும் எண்டுறதுதானே.

அதே ஜீப் அடுத்த வருசம் ஏ9ல யாழ்ப்பாணம் போச்சுது, கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஏழு பேர், கூரைக்கு மேல சாமான், ஊசி அசையேல்ல, லீற்றருக்கு 10க்குக் கிட்ட ஓடிச்சுது. வாகனம் நல்லது, அதுக்கு நான் குடுத்த வேலைதான் பிழை.

விலையைப் பற்றியும் ஒண்டு. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திறந்தவை, அந்த அஞ்சு வருசமும் நல்லதும் கெட்டதும் எல்லாம் விலை ஏறினது, வாங்கினதை விடக் கூட வித்தவையும் இருக்கினம். அதால "வித்தா காசு திரும்ப வரும்" எண்டு தரகர் சொல்லுறது அந்தக் காலத்துக் கணக்கு. இப்பவும் அப்பிடி வரும் எண்டு நம்பி இறங்காதேங்கோ.

இதெல்லாம் கேட்டும் ஆசை விடாது எண்டா (எனக்கு விளங்குது) ஒரு வழி இருக்கு. வேலைக்கு ரயிலில போங்கோ. வெள்ளவத்தையில ஏறினா கரையோர லைனில 20, 25 நிமிசத்தில கோட்டை, பார்க்கிங் தேடுற வேலையும் இல்லை. பிள்ளையளுக்கு ஸ்கூல் வான். ஜீப்பை ஊருக்கும் சனி ஞாயிறுக்கும் வைச்சிருங்கோ. நான் கடைசிக் காலத்தில அப்பிடித்தான் வைச்சிருந்தனான், அதுதான் அந்த வாகனத்தோட நான் சந்தோசமா இருந்த காலம். வாகனத்திலதான் வேலைக்குப் போகவேணும் எண்டா சின்னப் பெற்றோல் காரையே எடுங்கோ, வெள்ளவத்தை ஒழுங்கையளுக்கும் ஃப்ளாட் பார்க்கிங்குக்கும் அதுதான் சரி.

பாக்கப் போனா மேல மினுக்கி வைச்சிருக்கிற பெயின்ற்றைப் பாக்காதேங்கோ. கீழ படுத்து சேசிஸின்ர, அதாவது அடிச்சட்டத்தின்ர, பின்பக்கத்தைப் பாருங்கோ, கடலோர மரைன் டிரைவ் பக்கம் வெளியில நிண்ட வாகனம் எண்டா உப்புக் காத்து அங்கதான் தின்னும், புதுசா கறுப்பு அண்டர்கோட் அடிச்சிருந்தா இன்னும் கவனம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியில இழுங்கோ, அடியில சேத்துக் கறை இருந்தா, சீட்டுக்குக் கீழ இருக்கிற தண்டவாளம் துருப்பிடிச்சிருந்தா, வெள்ளத்தில நிண்ட வாகனம், 2016ல களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் எத்தினை வாகனம் தண்ணிக்குள்ள மூழ்கினது எண்டு தெரியும்தானே. கியர் ஒயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தா ரேடியேட்டர் தண்ணி கியர்பொக்ஸுக்குள்ள போயிருக்கு, பேசாம வந்திடுங்கோ. போன வருசப் புகைச் சோதனை றிப்போட்டை கேளுங்கோ, அதில புகை அளவு போட்டிருக்கும். சேசிஸ் நம்பரைப் பதிவுப் புத்தகத்தோட ஒத்துப் பாருங்கோ, ஓப்பன் பேப்பரில, அதாவது பதிவில பேர் மாத்தாம, கைமாறி வந்ததெண்டா எனக்கு வேண்டாம்.

பிறகு ஏசியைப் போட்டு, நிண்ட இடத்திலயே அரை மணித்தியாலம் எஞ்சினை ஓட விடச் சொல்லுங்கோ. ரோட்டில ஓட்டிக் காட்டத்தான் விக்கிறவை நிப்பினம், ஓடினா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நேரமும் காலம ஆறு மணிக்கே எடுங்கோ, போன உடன பொனெட்டில கையை வைச்சுப் பாருங்கோ. சூடா இருந்தா, குளிரில ஸ்டார்ட் வாறதைக் காட்ட விருப்பம் இல்லாம நீங்கள் வர முதலே எழுப்பி வைச்சிருக்கினம், இன்னொரு நாள் சொல்லாமப் போய்ப் பாருங்கோ.