சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்

கேள்வி: என் மாமிக்கு 78 வயது. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து நாலு மாதம் ஆகிறது. முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருக்கிறது. தேங்காயெண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்கிறார்கள். கணவர் வளைகுடாவில். எனக்கு ராத்திரித் தூக்கம் போய், இடுப்பும் வலிக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, குலசேகரம்

பதில்: உருவவே வேண்டாம், சகோதரி. அந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. அடியில் திசு நசுங்கியிருக்கிறது, தேய்த்தால் இன்னும் சேதமாகும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கை வைத்துப் பாருங்கள்.

சிவப்பு மறையும்வரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலது, இடது என்று மாற்றுங்கள். முழுக்க ஒருக்களிக்கவும் கூடாது, இடுப்பெலும்பு குத்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் வேண்டாம். அதன் விளிம்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

படுக்கையில் அவரைத் தலைமாட்டுப் பக்கம் மேலே ஏற்றும்போது அக்குளைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோல் உராயும், விழுந்த பக்கத்துத் தோள் மூட்டு நழுவும். பெட்ஷீட்டை நாலாக மடித்து இடுப்புக்கடியில் போட்டு, இரண்டு பேராகத் தூக்கி நகர்த்துங்கள். உங்கள் இடுப்புவலிக்கும் இது நல்லது.

கரண்டில் இயங்கும் காற்று மெத்தை வாங்கினால், அவர் இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. கரண்ட் போனாலும் உடனே பாருங்கள். நல்ல மெத்தை இருந்தால் இரவில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதுமா என்பதைத் தோலைப் பார்த்து நர்ஸ் சொல்வார். உங்கள் தூக்கத்துக்கு வழி அதில்தான் இருக்கிறது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தோல் உரிந்தாலோ, கொப்புளம் எழும்பினாலோ, நாற்றம் வந்தாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதை நாள் தள்ளாதீர்கள்.

நாத்தனாரிடம் "முடிஞ்சா வாங்க" என்று சொல்லாதீர்கள். "சனி, ஞாயிறு ராத்திரி உங்க முறை" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். மாமியாரைப் பார்ப்பது மருமகளின் வேலை என்ற வழக்கம் ஜப்பானிலும் இருந்தது. 2000-ல் அங்கே முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதிலிருந்து எல்லாரும் பணம் கட்டுகிறார்கள். வீட்டார் ஓய்வெடுக்கச் சில நாள் முதியவரை இல்லத்தில் விடவும் அதில் இடம் உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை, அதனால் முறை வைத்தே தீர வேண்டும். உதவிக்கு முதியோர் உதவி எண் 14567.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. சோறு இறங்குகிறது. ஏன்?
— வாசகர், குளச்சல்

பதில்: தண்ணீர் வேகமாக ஓடும், தளர்ந்த தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கஞ்சியைச் சோற்றோடு மசித்துக் கூழாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, சிறு கரண்டியில் வாயின் நல்ல பக்கத்தில் கொடுங்கள். முந்தின வாய் இறங்கியபின் அடுத்தது. மீனில் முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். குரல் கரகரத்தாலோ, காய்ச்சலும் சளியும் வந்தாலோ உணவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.