சனிக்கிழமை ட்ராக், ஞாயிறு டிவி

அன்புள்ள ஐயா,

காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஐந்து வருடமாக ஃபார்முலா ஒன் விடாமல் பார்க்கிறேன், எல்லாம் போனிலும் டிவியிலும்தான். ஒரு தடவையாவது நேரில் பார்க்க ஆசை. வீட்டில் சொன்னால், "டிவியில மூஞ்சிக்கு நேரா காட்டுறான், இதுக்குக் காசைக் குடுத்து வெயில்ல போயி நிக்கணுமா?" என்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போய்வந்த நண்பனோ, "சர்ரு சர்ருனு போறாய்ங்க, யாரு ஜெயிச்சதுன்னே வெளங்கல" என்கிறான். எல்கைப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். ரோட்டோரம் மணிக்கணக்கில் காத்து நிற்போம், மாட்டுவண்டி பத்து நொடியில் கடந்துவிடும். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. கார் ரேஸும் அப்படித்தானா? நேரில் போனால் கூடுதலாக என்ன கிடைக்கும்? போவதென்றால் சென்னையா, கோவையா, சேர்த்துவைத்த காசில் சிங்கப்பூரா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு வாசகர், கண்டனூர்

அன்புள்ள தம்பிக்கு,

நண்பர் சொன்னது முழுக்கச் சரி. வீட்டில் சொல்வது பாதி சரி. ரேஸின் கதை தெரிய வேண்டுமானால் டிவிக்கு ஈடு கிடையாது. யார் முன்னால், எத்தனை நொடி இடைவெளி, யார் எந்த டயரில், யார் டயர் மாற்றப் பிட்டுக்குள் போனார், எல்லாம் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ட்ராக் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அது கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 62 லேப், அதாவது 62 சுற்று. ஒரு வளைவில் உட்கார்ந்தால் உங்களுக்குப் பிடித்த டிரைவர் லேப்புக்கு ஐந்து நொடி கண்ணில் படுவார். மொத்தம் 310 நொடி. விமானம், விசா, விடுதி என்று அவ்வளவு செலவழித்து அவரைப் பார்ப்பது ஐந்து நிமிடம் பத்து நொடி.

ஆனால் காரைப் பார்க்க வேண்டுமென்றால் டிவி ஏமாற்றிவிடும். கேமரா காரோடு சேர்ந்தே திரும்புவதால் கார் எப்போதும் படத்தின் நடுவில் நிற்கும். பின்னால் சுவர்தான் ஓடும். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுப்பதால் நேர்ரோடு குறுகி, கார் மெதுவாக நகர்வதுபோல் தெரியும். ஏற்ற இறக்கமும் தட்டையாகிவிடும். பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஓ ரூஜ் வளைவுக்கு மேலே இருக்கும் ஏற்றம் திரையில் சின்ன மேடு, நேரில் மலைச்சரிவு.

300 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 83 மீட்டர். அந்த வேகத்தில் வருகிற கார், வளைவுக்கு 100 மீட்டர் பலகை தாண்டியும் பிரேக் போடாமல் வரும். போய் இடித்துவிடும் என்று உடம்பு முடிவு கட்டிய பிறகுதான் பிரேக் விழும். இரண்டு நொடிக்குள் 80 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இதை எந்தத் திரையும் காட்டியதில்லை.

அதனால் உட்கார வேண்டிய இடம் மெயின் ஸ்ட்ரெய்ட் இல்லை. ஸ்டார்ட்டும் பிட்டும் தெரியும் என்று எல்லாரும் அங்கேதான் டிக்கெட் தேடுவார்கள், விலையும் அங்கேதான் அதிகம். ஸ்டார்ட் முடிந்த பிறகு அங்கே மிஞ்சுவது உங்கள் நண்பர் சொன்ன சர்ரு சர்ருதான். நீண்ட நேர்ரோடு முடிந்து மெதுவான வளைவு தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். எல்கைப் பந்தயத்திலும் வண்டி திரும்புகிற எல்கையில் நிற்பவருக்குத்தானே சாரதியின் கை தெரியும்? இங்கேயும் அதேதான்.

அங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பது? முதலில் முன் டயர். வளைவின் உள்பக்கம் இருக்கும் முன் டயரிலிருந்து திடீரென்று வெள்ளைப் புகை வரும். கார் திரும்பத் தொடங்கியதும் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, உள்சக்கரம் லேசாகிறது, பிரேக் அழுத்தமோ இரண்டுக்கும் ஒன்றுதான். லேசானது சுழலாமல் இறுகிக்கொள்கிறது. லாக்கப் என்பது இதைத்தான். அதே டயர் அதே இடத்தில் மூன்று லேப் தொடர்ந்து புகைந்தால், ஓரிடம் தட்டையாகத் தேய்ந்துவிட்டது, அந்த டிரைவர் சீக்கிரம் பிட்டுக்கு வருவார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது காது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டர் சத்தம் ஒரே இழுப்பாக ஏறுகிறதா, விட்டுவிட்டு ஏறுகிறதா என்று கேளுங்கள். விட்டுவிட்டு வந்தால் பின்டயருக்குப் பிடிப்பு இல்லை, டிரைவர் காலால் சமாளிக்கிறார். ஒரே டீமின் இரண்டு காரும் அடுத்தடுத்து போகும்போது இந்த வித்தியாசம் துல்லியமாகக் கேட்கும். டிவியில் வர்ணனையாளர் குரலுக்கு அடியில் அது அமுங்கிவிடும்.

இதையெல்லாம் பார்க்க ரேஸ் நாளைவிடப் பிராக்டிஸும், ஸ்டார்ட் வரிசையை முடிவு செய்யும் குவாலிஃபையிங்கும் நடக்கும் நாள்தான் தோது. கூட்டம் குறைவு, இடம் மாறி மாறி உட்காரலாம், கார் தனித்தனியாக வரும், ஒரே டிரைவரைப் பத்து லேப் பின்தொடரலாம். காசு கணக்காகச் செலவழிக்க வேண்டியவருக்கு நான் சொல்வது இதுதான்: வெள்ளி, சனி ட்ராக்கில் இருங்கள், ஞாயிறு ரேஸை டிவியில் பார்த்தாலும் பெரிய நட்டமில்லை. ரசிகர்கள் பலர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

எங்கே போவது? முதல் தடவை இருங்காட்டுக்கோட்டைதான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ட்ராக், 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அதற்கு முன் சென்னை ரேஸ் என்றால் சோழவரம் விமான ஓடுதளம்தான். ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாக வரும் இரவு ரயிலில் ஏறினால் விடிகாலை தாம்பரம். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ். தேசிய சாம்பியன்ஷிப் சுற்று நடக்கும் சனி, ஞாயிறில் கார், பைக் எனப் பல வகுப்புகள் காலையிலிருந்து மாலை வரை மாறி மாறி ஓடும். ஃபார்முலா ஒன்னில் எந்த விலைக்கும் எளிதில் கிடைக்காத ஒன்று இங்கே பல சமயம் கிடைக்கும்: டீம்கள் காரை நிறுத்தி வேலை பார்க்கும் பேடக்கில் மெக்கானிக் வேலை செய்வதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். கார் உள்ளே வந்ததும் அவர் முதலில் எடுப்பது காற்றழுத்த மானி. ஓடிய டயர் சூட்டில் காற்று விரிந்து அழுத்தம் ஏறியிருக்கும், ஆறினால் இறங்கிவிடும், அதனால் அந்தச் சூட்டிலேயே நாலு டயரையும் அளந்து எழுதிக்கொள்வார். ஒரு பக்கம் மட்டும் அதிகம் ஏறியிருந்தால் அந்தப் பக்கம் அதிகம் உழைத்திருக்கிறது என்று அர்த்தம். வேலை நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள், கேள்வியை அவர் கை துடைக்கும்போது கேளுங்கள்.

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். கார் வடிவமைத்த கரிவரதன் பெயரில் உள்ள ட்ராக். ட்ராக் சின்னது என்பது பார்ப்பவருக்கு லாபம். போன கார் சீக்கிரமே திரும்பி வந்துவிடும். வேகம் பெரிதாக இருக்காது, சண்டை நெருக்கமாக இருக்கும். குழந்தைகளோடு போவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வெளிநாடு என்றால் சிங்கப்பூருக்கு முன் மலேசியாவின் செபாங்கை யோசியுங்கள். அங்கே ஃபார்முலா ஒன் 2017-உடன் நின்றுவிட்டது. இப்போது பெரிய பந்தயம் மோட்டோஜிபி பைக். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். ட்ராக், விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா தேவையில்லை, கிளம்பும் முன் விதி நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் சிங்கப்பூரைவிட நன்றாகவே மலிவு. 5.5 கிலோமீட்டர் ட்ராக்கில் இரண்டு நீண்ட நேர்ரோடுகள் முதுகோடு முதுகு ஒட்டி ஓடும், நடுவில் கேலரி. இரண்டும் சேரும் கடைசி வளைவுப் பக்கம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். மாலை மழை மட்டும் பொல்லாதது. 2009-இல் அங்கே ஃபார்முலா ஒன் மழையால் பாதியில் நின்று பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். குடை எடுக்காதீர்கள், பின்னால் இருப்பவர் திட்டுவார், மழைக்கோட்டுதான்.

சிங்கப்பூரின் சிறப்பு விளக்கொளி. அங்கே டிக்கெட் எடுத்தால், எதிரில் பெரிய திரை தெரியும் கேலரியாகப் பார்த்து எடுங்கள். வேறொன்றும் சொல்ல இல்லை.

இனி, நேரில் போனால் யார் முன்னால் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ட்ராக்கில் போனை நம்பாதீர்கள். கூட்டத்தில் சிக்னல் திணறும். கிடைத்தாலும் நேரலை அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியே வரும். ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். லேப் சார்ட் என்பார்கள். செட்டிநாட்டுப் பிள்ளைக்குப் பேரேடு சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன! மேலே 1, 2, 3 என்று லேப் எண், கீழே ஒவ்வொரு லேப்புக்கும் ஒரு பத்தி. கார்கள் உங்களைக் கடக்கும் வரிசையில் அவற்றின் நம்பரை மேலிருந்து கீழாக எழுத வேண்டும். முதல் பத்தியில் 7, 22, 5 என்றும் அடுத்ததில் 7, 5, 22 என்றும் வந்தால், 5 ஓவர்டேக் செய்தது நீங்கள் பார்க்காத வளைவில் நடந்திருந்தாலும் நோட்டில் மாட்டிக்கொள்ளும்.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஒரு நம்பரைத் தவறவிட்டுவிட்டு அதைத் தேடுவது. அதற்குள் நாலு கார் போய்விடும். கோடு ஒன்று இழுத்துவிட்டு அடுத்ததை எழுதுங்கள், மறு லேப்பில் அது யாரென்று தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரு லேப் பின்தங்கிய கார். முதலில் ஓடுபவர் 12-ஆம் முறை கடந்ததும் அவர் வாலைப் பிடித்து வருகிற மெதுவான காருக்கு அது 11-ஆம் முறைதான். அதை 11-ஆம் பத்தியின் அடியில் எழுதி வட்டம் போடுங்கள். 12-இல் எழுதினால் கடைசியில் இருப்பவர் இரண்டாவதாகிவிடுவார், அதன்பின் ஐந்தொகை ஒத்துவராது. ஒருவர் நம்பர் சொல்ல, ஒருவர் எழுதினால் பிழை வராது. நம்பர் படிக்க மெதுவான வளைவுதான் தோது என்பதால், முன்னே சொன்ன இடமே இதற்கும் பொருந்தும்.

இடைவெளிக்குப் போனில் உள்ள ஸ்டாப்வாட்ச். எதிரில் ஒரு கம்பத்தைக் குறித்துக்கொண்டு, முன்னவர் கடக்கும்போது தொடங்கி, பின்னவர் கடக்கும்போது நிறுத்துங்கள். ஒரு லேப்பில் 4.2 நொடி, அடுத்ததில் 3.6 என்றால் லேப்புக்கு 0.6 குறைகிறது, இன்னும் ஆறு லேப்பில் வாலைப் பிடிப்பார். மிச்சம் ஐந்து லேப்தான் என்றால் ரேஸ் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பார்க்கும் நாளுக்கும் சில சொல்ல வேண்டும். கோடையில் ஐரோப்பிய ரேஸ்கள் பெரும்பாலும் நமக்கு மாலை 6.30, கரண்டு போகிற நேரம். மோடத்துக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும் போனில் தொடரலாம். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் கணக்குப் பார்க்க வேண்டும். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் மணிக்கு 2.25 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி பேக் 53 நிமிடத்தில் தீரும், ரேஸோ ஒன்றரை மணி நேரம்; பிட் ஸ்டாப் சூடுபிடிக்கும்போது வட்டம் சுற்றும். தரத்தை ஒரு படி இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் போன்ற ரேஸ்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு, நமக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்குவதால் புது நாளின் 2 ஜிபி முழுசாக இருக்கும். ஆனால் அதுவும் முழு ரேஸுக்கு எட்டாது. டீம் ரேடியோவும் தாமதமாகத்தான் ஒலிபரப்பாகும். பிட்டுக்கு வா என்பதற்கு "பாக்ஸ் பாக்ஸ்" என்பார்கள், அது நமக்குக் கேட்கும்போது கார் பிட்டுக்குள் வந்தே விட்டிருக்கலாம். வாட்ஸ்அப் குழுவை ரேஸ் முடியும்வரை திறக்காதீர்கள், யாருடைய திரை முன்னால் ஓடுகிறது என்று தெரியாது.

கொண்டுபோக வேண்டியவை: தொப்பி, முழுக்கைச் சட்டை, உட்காரத் துண்டு, நோட்டு, இரண்டு பென்சில், பவர் பேங்க், ஓஆர்எஸ் பொட்டலம், ஃபோம் இயர்பிளக் இரண்டு ஜோடி. இயர்பிளக்கைச் சும்மா திணித்தால் பயனில்லை. விரலில் உருட்டி மெல்லிய திரியாக்கி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, 30 நொடி விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வெளியே துருத்தினால் சரியாகப் போகவில்லை, எடுத்து மறுபடி உருட்டுங்கள்.

திரும்பும் ரயிலை ரேஸ் முடியும் இரவுக்கே போடாதீர்கள். சென்னைத் தீவுத்திடல் தெரு ரேஸ் 2023 டிசம்பரில் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31-க்கு வந்தபோதும் மழையாலும் ட்ராக்குக்கான சான்றிதழ் தாமதத்தாலும் சனிக்கிழமை நடக்க வேண்டியது ஞாயிறுக்கு நகர்ந்தது. மறுநாள் காலை ரயிலுக்கு எடுத்துவிடுங்கள்.

அன்புடன்.